எந்தப் புழுவுக்கு எந்த எலி?

யானைக்கால் நோயக் கொண்டு வர்ற புழு இருக்குல்ல, வுச்சரேரியா பான்கிராஃப்டி, அத ஒரு சாதாரண லேப் எலிக்குள்ள விட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? ஒண்ணுமே ஆகாது. புழு வளராம செத்துப் போயிடும், எலி பாட்டுக்கு தின்னுட்டு தூங்கும். மனுஷன விட்டா வேற எதுலயும் அது ஒழுங்கா குடும்பம் நடத்தாது, சில குரங்கு வகைகள்ல ரொம்பக் கஷ்டப்பட்டு வளத்துப் பாத்திருக்காங்க, அவ்வளவு தான். கல்யாண வீட்டுல யாராவது "என்னம்மா ஆராய்ச்சி பண்ற"ன்னு கேட்டு நான் "எலிக்கு புழு ஏத்தி"ன்னு ஆரம்பிச்ச உடனே முகத்த சுளிச்சுட்டு பந்திக்குப் போயிடுறாங்க, அதனால அங்க சொல்ல முடியாதத இங்க கொட்டிடுறேன்.

மனுஷன்ல நேரடியா பாத்துக்க வேண்டியது தானேன்னு கேக்கலாம். யானைக்கால் புழுவோட பெரிய புழு இருக்குறது நிணநீர்க் குழாய்க்குள்ள. ரத்தம் எடுத்துப் பாத்தா அது போட்ட குஞ்சு, அதாவது மைக்ரோஃபைலேரியா மட்டும் தான் தெரியும், அதுவும் நம்ம ஊர் வகைக்கு ராத்திரி எடுத்தா தான் தெரியும், அதுக்காகவே அந்தக் காலத்துல இருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல ஊருக்குள்ள போய் விரல குத்தி ரத்தம் எடுப்பாங்க. உள்ள இருக்குற பெரிய புழு என்ன பண்ணுது, உடம்பு அத எப்படி எதிர்க்குது, மருந்து குடுத்தா முதல்ல எது சாகுது, இதையெல்லாம் ஒரு ஆள அறுத்தா பாக்க முடியும்? அதனால அந்தப் புழுவோட சொந்தக்காரப் புழுக்கள், எலி ஜாதியில வாழ்றது எதாவது இருக்கான்னு தேடிப் போனாங்க.

அப்படி மாட்டுனது தான் லிட்டோமோசாய்டஸ் சிக்மோடான்டிஸ். அமெரிக்காவுல காட்டன் ராட்னு ஒரு காட்டு எலி, அதுக்குள்ள இயற்கையாவே இருக்குற ஃபைலேரியா புழு, யானைக்கால் புழுவோட குடும்பத்துக்கே அது தான் பேரு. கொசுவுக்குப் பதிலா இத பரப்புறது ரத்தம் குடிக்கிற ஒரு மைட், உண்ணி மாதிரி ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியுமா தெரியாதாங்கற சைஸ். காட்டன் ராட் கையாள ரொம்ப மோசமான ஜீவன், கூண்டத் தொறந்தா ஒண்ணு கடிக்கும் இல்லன்னா எகிறி ஓடும், அதனால பின்னால இத சாதாரண லேப் சுண்டெலிக்கு மாத்த முடியுமான்னு பாத்தாங்க, அங்க தான் கதை சுவாரசியமாகுது. பால்ப்-சினு ஒரு வெள்ளை எலி வகை, அதுல புழு முழுசா வளந்து ரெண்டு மாசம் வாக்குல ரத்தத்துல குஞ்சு விடும், அதுவும் எல்லா எலியிலயும் இல்ல, பாதி எலியில தான். பிளாக் சிக்ஸ்னு நாங்க கூப்பிடுற கறுப்பு எலி வகையில புழு குஞ்சு விடுறதுக்கு முன்னாடியே எலியோட உடம்பு அத தீத்துக் கட்டிடும். ஒரே புழு, ஒரே சாப்பாடு, பக்கத்து பக்கத்து கூண்டு. வித்தியாசம் எலியோட ஜீன்ல மட்டும். ஒரே தெருவுல ஒருத்தருக்கு கால் வீங்குது, இன்னொருத்தருக்கு ரத்தத்துல ஆயிரக்கணக்குல குஞ்சு ஓடுது ஆனா ஒண்ணும் தெரியல, மூணாவது ஆளுக்கு புழுவே ஒட்டல, இதெல்லாம் ஏன்னு கேக்குறதுக்கு இந்த ரெண்டு கூண்டு தான் ஆரம்பம்.

ஆனா ஒண்ணு, இந்தப் புழு எலிக்குள்ள இருக்குறது நுரையீரலச் சுத்தி இருக்குற இடத்துல, நிணநீர்க் குழாய்ல இல்ல. எலிக்கு கால் வீங்காது. அதனால வீக்கம் பத்தி கேக்கணும்னா இந்த எலி பிரயோஜனமே இல்ல. அதுக்கு ப்ரூகியா மலாயி பக்கம் போகணும், நம்ம பக்கத்துல கேரளாவுல சேர்த்தலை ஏரியாவுல இருந்த யானைக்கால் இந்தப் புழுவால வர்றது. இது மனுஷப் புழு தான், ஆனா மங்கோலிய ஜெர்பில்குள்ள, லேப்ல ஜர்ட்னு சொல்வோம், தாராளமா வளரும். எந்தக் கேள்வி கேக்குறமோ அதுக்குத் தக்க மிருகம், இந்தத் துறையில பாதி மூளை இதுக்கே செலவாகுது.

இப்போ டிஇசி மாத்திரை கதைக்கு வரேன். யானைக்கால் மாத்திரைன்னு வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடா வந்து குடுத்தாங்களே, நின்னு முழுங்க வெச்சுட்டுத் தான் போவாங்க, தமிழ்நாட்டுல பல மாவட்டத்துல இத முழுங்குனவங்க இதப் படிக்கிறவங்கள்லயே நிறைய இருப்பீங்க. அது 1947ல அமெரிக்காவுல லெடர்லே கம்பெனி லேப்ல வந்தது. அவங்க மருந்த சோதிச்சது புழு இருக்குற காட்டன் ராட்லயும், இதயப் புழு வந்த நாய்லயும். அதே வருஷம் போர்ட்டோ ரிகோவுல மனுஷங்களுக்கு குடுத்துப் பாத்துட்டாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, டிஇசிய ஒரு கண்ணாடித் தட்டுல மைக்ரோஃபைலேரியா மேல ஊத்துனா அதுங்க பாட்டுக்கு நெளிஞ்சுட்டே இருக்கும், உடம்புல இருக்குற அளவு மருந்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதே மருந்த எலிக்கு குடுத்தா சில நிமிஷத்துல ரத்தத்துல இருந்து குஞ்செல்லாம் காணாமப் போயிடும். அப்போ கொல்றது யாரு? எலியோட உடம்பு தான் கொல்லுது, மருந்து அதுக்கு எதோ கை குடுக்குது. 1950 வாக்குல இத உக்காந்து நோண்டுனவங்கள்ல ஒருத்தர் ஃபிராங்க் ஹாக்கிங், ஆமா, ஸ்டீபன் ஹாக்கிங்கோட அப்பாவே தான். குஞ்சுப் புழு கல்லீரல்ல போய் மாட்டிக்கிறதையும் அங்க இருக்குற செல்கள் அத தின்னுறதையும் பாத்து எழுதுனாரு. அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு, 2005ல, கிருமிய அடிக்க உடம்பு தயாரிக்கிற நைட்ரிக் ஆக்சைட தயாரிக்க முடியாத எலிய வெச்சு பாத்தப்போ டிஇசி வேலையே செய்யலன்னு தெரிஞ்சுது. 1947லயே எல்லாரும் தட்டுல மட்டும் ஊத்திப் பாத்திருந்தா இந்த மருந்த குப்பைத் தொட்டியில போட்டிருப்பாங்க.

லேப்ல தினப்படி நடக்குற வேலை இவ்வளவு கம்பீரமா இருக்காது. நான் அதிகம் பழகுனது நிப்போஸ்ட்ராங்கைலஸ் பிரசிலியென்சிஸ், சுருக்கமா நிப்போ. பெருச்சாளி ஜாதி எலியோட குடற்புழு, நம்ம ஊர் கொக்கிப்புழு மாதிரியே தோல்ல நுழைஞ்சு, ரத்தம் வழியா நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, முழுங்கப்பட்டு, குடல்ல போய் உக்காரும். அத உயிரோட வெச்சுக்கணும்னா வேற வழியே இல்ல, எலியில் இருந்து எலிக்கு மாத்திட்டே இருக்கணும். காலையில எலியோட புழுக்கைய பொறுக்கி, தண்ணி விட்டு குழைச்சு, கரித்தூள் கலந்து, ஈரமான ஃபில்டர் பேப்பர் மேல பெட்ரி தட்டுல பரப்பி வெக்கணும். வாசனை பத்தி நீங்க நினைக்கிறது சரி தான், ஆனா ரெண்டாவது வாரத்துல மூக்கு பழகிடும், பழகாதது வீட்டுல இருக்குறவங்களுக்குத் தான். ஒரு வாரத்துல முட்டை பொரிஞ்சு, தோல் உரிச்சு, மூணாங்கட்ட லார்வா பேப்பர் ஓரத்துக்கு வந்துடும், லென்ஸ் வழியா பாத்தா ஓரமெல்லாம் நுனி தூக்கி ஆடிட்டு நிக்கும், எதாவது சூடா கடந்து போகாதான்னு. அத துணியில கட்டி வெதுவெதுப்பான தண்ணி இருக்குற புனல்ல தொங்க விட்டா உசுருள்ள லார்வா மட்டும் துணியத் தாண்டி கீழ இறங்கிடும், கரியும் மத்ததும் மேலயே தங்கிடும். பேர்மன் முறைன்னு பேரு. எண்ணி, ஒரு எலிக்கு 500 லார்வா, தோலுக்கு அடியில ஊசி. சிரிஞ்ச்ல எடுக்கும்போது கவனமா கலக்கிட்டே இருக்கணும், லார்வா சட்டுன்னு அடியில உக்காந்துடும், அப்புறம் முதல் எலிக்கு அம்பது கடைசி எலிக்கு ஆயிரம்னு போயிடும்.

ரெண்டாம் நாள் நுரையீரல எடுத்துப் பாத்தா சிவப்பு சிவப்பா புள்ளி, புழு ஓட்டை போட்டுட்டுப் போன இடம். நாலாம் நாள் குடல்ல இருக்கும். ஏழாம் நாள் சிறுகுடல நீளவாக்குல கிழிச்சு வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில போட்டா இளஞ்சிவப்பு நூல் நூலா நெளிஞ்சு வெளிய வரும், இடுக்கியால ஒண்ணொண்ணா எடுத்து எண்ணணும். பத்து நாள் தாண்டி அதே மாதிரி ஒரு எலியோட குடல கிழிச்சா அனேகமா காலி. எந்த மாத்திரையும் குடுக்கல. எலியே வெளிய தள்ளிடுச்சு.

இந்த "எலியே தள்ளிடுச்சு" தான் கடந்த நாப்பது வருஷ ஆராய்ச்சிக்கு சோறு போட்டது. எப்படித் தள்ளுதுன்னு பாத்தா, ஐஎல்-13னு ஒரு சிக்னல் வந்து குடல்ல சளி சுரக்குற செல்லப் பெருக்குது, குடல் தசைய இறுக்கிப் பிசைய வெக்குது, புழு பிடிப்பில்லாம வழுக்கிட்டுப் போயிடுது. அந்த ஐஎல்-13 எங்கருந்து வருதுன்னா டி செல்லு, அதாவது நோய எதிர்க்குற ஒரு வகை வெள்ளணு, அதுல இருந்துன்னு தான் எல்லாரும் படிச்சோம். ஆனா டி செல் வேலைய ஆரம்பிக்கவே நாள் ஆகும், அதுக்கு முன்னாடியே சிக்னல் வருதே. 2010ல கேம்பிரிட்ஜ், டோக்கியோ, சான் ஃபிரான்சிஸ்கோன்னு மூணு குரூப் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல ஒரு புது செல்ல பிடிச்சாங்க, ஆளுக்கு ஒரு பேரு வெச்சாங்க, இப்போ ஐஎல்சி-2ன்னு சொல்றோம். சரி, அந்த செல்லுக்கு புழு வந்துருக்குன்னு யாரு சொல்றாங்கன்னா, அதுக்கு பதில் 2016ல வந்துச்சு: குடல் சுவர்ல டஃப்ட் செல்லுன்னு ஒண்ணு, ஐம்பது வருஷத்துக்கு மேலா மைக்ராஸ்கோப்ல எல்லாரும் பாத்துட்டு என்ன வேலை செய்யுதுன்னு தெரியாம விட்டது, அது தான் புழு வந்தத மோப்பம் பிடிச்சு ஐஎல்-25னு இன்னொரு சிக்னல அனுப்பி இவங்கள எழுப்புது. இதுல எனக்கு கொஞ்சம் சிரிப்பா வர்றது என்னன்னா, ஆஸ்துமாவுலயும் தோல் அரிப்புலயும் வேலை காட்டுறது இதே சிக்னல் தான், இப்போ அதத் தடுக்க டூபிலுமாப்னு ஊசி போடுறாங்க. எலிக்குடல்ல புழு எண்ணுன நோட்டுக்கும் ஆஸ்துமா கிளினிக்குக்கும் நடுவுல இவ்வளவு கிட்டத்துல ஒரு பாதை இருக்கு.

இப்போ குறை சொல்லப் போறேன். 500 லார்வாவ ஒரே நேரத்துல ஊசியில ஏத்துறோமே, நிஜத்துல யாருக்கு அப்படி வருது? செருப்பில்லாம வயலுக்குப் போறவருக்கு இன்னிக்கு ரெண்டு, அடுத்த வாரம் ஒண்ணு, இப்படி வருஷக்கணக்கா ஏறும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு காட்டுனது மான்செஸ்டர்ல இருக்குற சாட்டைப்புழு ஆளுங்க. எலிச் சாட்டைப்புழு ட்ரைகியூரிஸ் மியூரிஸ், அதோட முட்டைய 200 வாக்குல ஒரே வாய்ல குடுத்தா பிளாக் சிக்ஸ் எலி ஒரு மாசம் வாக்குல எல்லாத்தையும் வெளியேத்திடும். அதே எலிக்கு 20 முட்டை மட்டும் குடுத்தா புழு நிரந்தரமா தங்கிடும். கம்மியா குடுத்தா தான் நோய் நிக்குது! உடம்பு வேற மாதிரி பதில் குடுக்குது, சின்னத் தொல்லைன்னு தப்பான படைய அனுப்பிடுது. பின்னால அதே குரூப் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா முட்டை குடுத்துப் பாத்தப்போ முதல்ல புழு சேந்துட்டே போய், அப்புறம் மெதுவா எலிக்கு எதிர்ப்பு வந்துச்சு. நம்ம பக்கம் சின்னப் பசங்களுக்கு புழு அதிகமாவும் பெரியவங்களுக்கு சாட்டைப்புழு கம்மியாவும் இருக்குறத யோசிச்சுப் பாருங்க. இது எப்பவோ பண்ணிருக்க வேண்டிய பரிசோதனைன்னு தான் நான் சொல்வேன், ஆனா வாரா வாரம் எலிக்கு வாய்ல குழாய் விடுறது வேலை ஜாஸ்தி, ஒரே தடவை 200 குடுத்துட்டா பேப்பர் சீக்கிரம் வந்துடும். இத யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க.

ஹெலிக்மோசோமாய்டஸ்னு இன்னொரு எலிக் குடற்புழு, டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டு சிவப்பா இருக்கும், நிப்போவுக்கு நேர் எதிர், எலி சுலபமா தள்ளாது, மாசக்கணக்குல தங்கும். ஐவர்மெக்டின் கண்டுபிடிச்சதுல இதுக்குத் தான் பங்கு, அப்போ இதுக்கு வேற பேரு. ஜப்பான்ல ஓமுரா மண்ணுல இருந்து எடுத்த நுண்ணுயிரிகள மெர்க் கம்பெனிக்கு அனுப்ப, அங்க கேம்பெல் குரூப் அந்த வளர்ப்புத் திரவத்த இந்தப் புழு இருக்குற எலிக்கு சாப்பாட்டுல கலந்து குடுத்துப் பாத்தாங்க. ஒரு எலியில புழு காலி. தட்டுல சோதிச்சா புழு செத்துச்சான்னு மட்டும் தெரியும், எலிக்கு குடுத்தா மருந்து புழுவையும் கொல்லுதா, எலிய உசுரோட விடுதான்னு ரெண்டும் ஒரே தடவையில தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் குதிரை: குதிரைத் தோல்ல இருக்குற ஆன்கோசெர்கா வகைப் புழுவோட குஞ்ச ஐவர்மெக்டின் கொல்லுதுன்னு பாத்தப்போ தான், மனுஷனுக்கு ஆற்றுக் குருடு கொண்டு வர்ற ஆன்கோசெர்காவுக்கும் வேலை செய்யுமேன்னு பொறி தட்டுச்சு. 1981ல செனகல் நாட்டுல டக்கார்ல முகமது அஜீஸ் தலைமையில முதல் மனுஷ சோதனை, 1987ல இருந்து மெர்க் இலவசமாவே குடுக்குறாங்க, 2015ல ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் நோபல்.

ஐவர்மெக்டின் பத்தி ஒரு சின்ன கிளைக்கதை. 1990கள்ல ஆம்ஸ்டர்டாம்ல பி-கிளைகோபுரோட்டீன் இல்லாத எலிய உருவாக்கி வெச்சிருந்தாங்க, கேன்சர் ஆராய்ச்சிக்கு. எலிக்கூடத்துல மைட் தொல்லைன்னு வழக்கம் போல எல்லா எலிக்கும் ஐவர்மெக்டின் ஸ்பிரே அடிச்சாங்க. மத்த எலிக்கு ஒண்ணும் ஆகல, இந்த எலிங்க மட்டும் கொத்தா செத்துச்சு. மருந்து மூளைக்குள்ள போகாம தள்ளி வெக்குறது அந்தப் புரோட்டீன் தான்னு அப்படித் தான் தெரிஞ்சுது. கோலிங்கற நாய் ஜாதிக்கு ஐவர்மெக்டின் குடுத்தா ஏன் மயங்கி விழுதுங்கற பழைய புதிருக்கும் விடை அங்கயே இருந்துச்சு, அதுங்களுக்கு அந்த ஜீன்ல பழுது.

அப்புறம் வோல்பாக்கியா. ஃபைலேரியா புழுவுக்குள்ளயே ஒரு பாக்டீரியா குடியிருக்கு, புழு அத நம்பித் தான் முட்டை வளக்குது. 1999ல ஜெர்மன்காரங்க லிட்டோமோசாய்டஸ் இருக்குற எலிக்கு டெட்ராசைக்ளின்னு பாக்டீரியாவுக்கான மருந்த குடுத்தாங்க, புழு மலடாச்சு. மருந்து புழுவையே நேரா பாதிச்சிருக்கலாமேன்னு ஒருத்தர் கேப்பாருல்ல, அதுக்காக அகாந்தோகைலோனீமான்னு இன்னொரு ஃபைலேரியா, அதுக்குள்ள வோல்பாக்கியா கிடையாது, அதுக்கும் அதே மருந்த குடுத்தாங்க. அது ஜம்முனு குஞ்சு விட்டுட்டு இருந்துச்சு. எவ்வளவு சுத்தமான கன்ட்ரோல் பாருங்க. அடுத்த வருஷமே கானாவுல ஆற்றுக் குருடு நோயாளிங்களுக்கு அதே ஜாதி மருந்தான டாக்சிசைக்ளின் குடுத்த ரிசல்ட் வந்துச்சு, 2005ல தான்சானியாவுல யானைக்கால் புழுவுக்கும். வாரக்கணக்குல தினமும் முழுங்கணும்ங்கறதால ஊருக்கே குடுக்க முடியல, அது வேற பிரச்சனை.

எலியும் நாயும் நம்மள ஏமாத்துன கதையும் சொல்லணும். கொக்கிப்புழு தடுப்பூசி, என்ஏ-ஏஎஸ்பி-2ன்னு ஒரு புரோட்டீன். நாய்லயும் ஹாம்ஸ்டர்லயும் நம்பிக்கை குடுத்துச்சு, அமெரிக்காவுல புழுவே பாக்காத ஆளுங்களுக்கு போட்டாங்க, பிரச்சனை இல்ல. பிரேசில்ல கொக்கிப்புழு இருக்குற ஊர்ல போட்டப்போ சிலருக்கு உடனே உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா அரிப்பு கிளம்பிடுச்சு, சோதனைய நிறுத்திட்டாங்க. காரணம், அந்த ஊர்க்காரங்க ஏற்கனவே புழு ஏறி ஏறி அந்தப் புரோட்டீனுக்கு எதிரா ஐஜிஇ, அதாவது அலர்ஜியக் கிளப்புற எதிர்ப்பொருள், வெச்சிருந்தாங்க. லேப் நாய்க்கும் ஹாம்ஸ்டருக்கும் அந்த வரலாறு எங்கருந்து வரும், பிறந்ததுல இருந்து சுத்தமான கூண்டு, வடிகட்டுன காத்து, ஆட்டோக்ளேவ் பண்ண தீனி. அதனால பிரின்ஸ்டன்ல ஒரு குரூப் லேப் எலிய வேலி போட்ட வெட்டவெளியில விட்டுப் பாத்தாங்க, மண்ணு, புல்லு, மழை எல்லாம். கூண்டுல இருந்தப்போ சாட்டைப்புழுவ நல்லா எதிர்த்த அதே பிளாக் சிக்ஸ் வெளிய போன கொஞ்ச நாள்லயே புழுவுக்கு இடம் குடுக்க ஆரம்பிச்சுடுச்சு. எங்க பாடப்புத்தகத்துல "பிளாக் சிக்ஸ் எதிர்ப்புள்ளது"ன்னு எழுதிருக்கு, அதுக்குப் பக்கத்துல "ஏசி ரூம்ல"ன்னு சேத்துக்கணும் போல.

எலி பாவம் இல்லையான்னு கேப்பீங்க, கேக்கணும். இந்தியாவுல நிறுவனத்தோட எத்திக்ஸ் கமிட்டி ஒத்துக்காம ஒரு எலியத் தொட முடியாது, ஏன் இத்தனை எலி, ஏன் கம்மியா முடியாது, எப்போ நிறுத்துவ, எப்படிக் கொல்லுவன்னு பக்கம் பக்கமா எழுதணும், கமிட்டில வெளியாளும் ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அந்த ஃபார்ம் நிரப்புறப்போ திட்டிக்கிட்டே தான் நிரப்புறோம், ஆனா எண்ணிக்கைக்கு கணக்கு சொல்லணும்னு உக்காந்தா தான் நிறைய பேரு பரிசோதனையவே சரியா யோசிக்கிறாங்க. மனித செல்ல வெச்சு தட்டுல வளக்குற குட்டிக் குடல், ஆர்கனாய்டு, இப்போ டஃப்ட் செல் வேலையில நல்லாவே உதவுது. ஆனா தோல்ல நுழைஞ்சு நுரையீரல் வழியா தொண்டைக்கு ஏறுற பயணத்த எந்தத் தட்டுல வெப்பீங்க?

அதுக்கு நெதர்லாந்துல லைடன்ல ஒரு பதில் வெச்சிருக்காங்க, எலிய விட்டுட்டு நேரா மனுஷன். ஆரோக்கியமான வாலன்டியர்க்கு எல்லாம் சொல்லி கையெழுத்து வாங்கிட்டு, கொக்கிப்புழு லார்வா 50, ஒரு துண்டு காஸ்ல வெச்சு கையில கட்டி விடுறாங்க. அரிப்பு வரும், கொஞ்ச நாள் வயிறு மக்கர் பண்ணும், அப்புறம் மலத்துல முட்டை வருதான்னு வாராவாரம் எண்ணுறாங்க, கடைசியில அல்பெண்டசோல் குடுத்து முடிச்சு விடுறாங்க. அடுத்த பேட்ச்சுக்கு லார்வா எடுக்கணும்னா புழு வெச்சுக்கிட்டு இருக்குற ஒரு ஆளோட மலத்துல இருந்து தான் வளக்கணும், அங்கயும் ஒருத்தர் கிளவுஸ் மாட்டிட்டு லார்வாவ எண்ணிட்டுத் தான் உக்காந்திருக்காரு, அதப் படிச்சப்போ எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.